மஞ்சள் நூல் அம்புகள்

பாவா,

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. ஒரு மாதம் வாயைக் கட்டியிருந்த தெரு, காலை ஏழு மணிக்கே விறகு மூட்டிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நாட்டுக்கோழியை நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார். நான் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தேன். இறகு கருகும் வாசனை வந்தது. தாளை மடித்து வைத்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு வரியும் தலைக்குள் போகவில்லை.

மற்றவர்களுக்கு அது குழம்பின் முதல் வாசனை. எனக்கு அது அம்மையார்குப்பத்தில் உங்கள் தறிக்கூடத்தின் பின்பக்கம். சைக்கிள் கம்பி ஒன்றை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, அம்பில் ஒட்டிய இறகின் ஓரத்தில் ஒரே இழுப்பாக இழுப்பீர்கள். சுர்ரென்று சத்தம் வரும், புகை வரும். இறகு கத்தியால் சீவியதுபோல் ஒரே மட்டமாக நிற்கும். "கத்திரி வெச்சா இறகு பிரிஞ்சுடும் வாத்தியாரே. சுட்டாதான் ஓரம் கட்டிக்கும்" என்பீர்கள். வாரத்தில் ஆறு நாள் லுங்கி நெய்த கை அது. சனிக்கிழமை மாலைகளில் மட்டும் அம்பு கட்டியது.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியராக வந்தபோது பழகியது. பிறகு திருத்தணிக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். சனிக்கிழமை பஸ் மட்டும் மாறவில்லை. அக்கா புருஷனைக் கூப்பிடுவதுபோல் நான் உங்களைப் பாவா என்றேன். நமக்குள் உறவு கிடையாது, நம் பக்கத்தில் அப்படிக் கூப்பிட உறவு தேவையும் இல்லை. நீங்கள் என்னை வாத்தியாரே என்றீர்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அதே ஞாயிறு பத்து மணிக்கு உங்கள் மருமகன் வந்தான். தாமோதரன். நீங்கள் பார்க்காத மருமகன். நீங்கள் போன மூன்றாம் வருடம்தான் உங்கள் மகளைக் கட்டினான். நல்ல பையன், லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கையில் பழைய லுங்கியில் சுற்றிய நீளமான மூட்டை. பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கறப்போ ஸ்லாப் மேல கெடச்சுது. மாமா பண்ணதாமே? எது எதுக்குன்னு அத்தைக்கே தெரியல. வாத்தியார கேளுன்னாங்க."

அவிழ்த்துப் பரப்பினான். பாவா, பதினோரு வருடத்துக்குப் பிறகும் ஒரு தண்டுகூடக் கோணவில்லை.

வகுப்பில் நிற்பதுபோலத்தான் அவனுக்குச் சொன்னேன். வெள்ளை நூல் கட்டியது ஏரி மீனுக்கு. அதில் இறகே கிடையாது. தண்ணீருக்குள் இறகு அம்பைக் கோணலாக இழுத்துவிடும். முனையில் முள், பின்னால் கயிறு கட்ட ஓட்டை. மெரூன் நூல், மரத்தில் பரண் கட்டி மேலிருந்து விடுபவனுக்கு. தண்டு கனம், முனை அகலம், இறகைச் சுட்டுக் குறைத்தது. கிட்டத்திலிருந்து நேராகக் கீழே இறங்க வேண்டிய அம்புக்கு வழிகாட்ட அதிகம் இறகு வேண்டாம். ஆளுக்கு ஆள் நீளமும் வேறு. உன் மாமா கையை நீட்டச் சொல்லி, நெஞ்சுக்குழியிலிருந்து நடுவிரல் நுனி வரை நூல் பிடித்து அளப்பார், தையற்காரர் மாதிரி. கட்டிய அம்பை விரல்மேல் நிறுத்திப் பார்ப்பார். முன்பாரம் போதவில்லை என்றால் முனைக்குப் பின்னால் இன்னும் பத்து சுற்று நூல் சுற்றுவார்.

"அப்போ இந்த மஞ்ச நூல்?" என்றான்.

மஞ்சள் நூல் அம்புகள் ஓரமாகக் கிடந்தன. எண்ணினேன். நான்கு. நான்கிலும் இறகு குட்டையாக இருந்தது. சுட்ட ஓரம் இல்லை. கத்தரித்த ஓரம்.

"தகரம் அடிச்சுப் பன்னிய ஓட்டி விட்டு, எதிர்ல நின்னு விடறதுக்கு" என்றேன். "அஞ்சு இருந்திருக்கணுமே?"

"ஒண்ண கண்டிகை கன்னியப்பன் சாம்பிளுக்கு எடுத்துகினு போனான் சார். அதே அளவுல பன்னெண்டு பண்றான். கடலையில பன்னி பூந்துகினு இருக்குது, தாங்கல. அடுத்த ஞாயித்துக்கெழம காலையில ஓட்டப் போறோம்."

டீ குடித்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பதினோரு வருடம் மூடியிருந்த வாய், ஒரு கேள்விக்காகத் திறந்துகொள்ளாது.

அந்த இறகுகளைக் கத்தரித்தது நான் என்பது இன்று இருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதுவும் ஐப்பசிதான். கன்னியப்பனின் அப்பா மாணிக்கம் சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். கே.ஜி.கண்டிகையில் அவர் நிலத்தில்தான் நாம் மூவரும் போவோம்: வில் அவர் கையில், தகரம் உங்களிடமும் என்னிடமும். கடலைக்கொல்லை, அதை ஒட்டிக் கரும்பு, கரும்புக்கு நடுவே நேராக ஒரு வாய்க்கால். பன்றி பகலெல்லாம் கரும்புக்குள் படுத்திருக்கும். நாம் அந்தக் கோடியில் நின்று தகரம் அடித்தால் வாய்க்கால் வழியாக ஓடிவரும். இந்தக் கோடியில் மாணிக்கம் நிற்பார். சட்டத்துக்கு அது குற்றம் என்று மூவருக்கும் தெரியும். கொல்லை போனால் அந்த வருடம் போயிற்று என்பதும் தெரியும்.

நீங்கள் அன்று பாவு நூல் வாங்க நகரிக்குப் போயிருந்தீர்கள். மாணிக்கம் புலம்பினார்.

"பாவாவோட அம்பு பாதி தூரத்துலயே முட்டி போட்டுடுது சார். ரெண்டு வாரமா பன்னி என்னப் பார்த்து சிரிச்சுகினு போவுது."

மஞ்சள் நூல் அம்பை எடுத்துப் பார்த்தேன். மூன்று முழு இறகு, கோழி சிலிர்த்துக்கொண்டதுபோல. சுடவே இல்லை. வேலை பாதியில் நிற்கிறது என்று நினைத்தேன். வருடா வருடம் எட்டாம் வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு: இறகுப்பந்தை எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஏன் கிட்டத்திலேயே விழுகிறது? இறகு காற்றைப் பிடித்துக்கொள்கிறது. இறகைக் குறைத்தால்? தூரம் போகும். விடை தெரிந்தவன் நான். இருந்த ஏழு அம்புகளையும் எடுத்து, உங்கள் அக்காவின், மன்னிக்கவும், உங்கள் மனைவியின் தையல் கத்தரியால் வெட்டினேன். அவரை நான் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகியதால் எழுதும்போதும் கை தவறுகிறது. கோடு போட்டு நேராக வெட்டினேன். மாணிக்கம் ஒன்றை வெளியே விட்டுப் பார்த்தார். அது போய்க்கொண்டே இருந்தது, கண்டுபிடிக்க முடியவில்லை. "சார்னா சார்தான்" என்று மீதி ஆறையும் எடுத்துக்கொண்டு போனார்.

அம்பு எப்படித் தூரம் போகும் என்று மட்டும் பார்த்தேன். அது தூரம் போகக் கூடாது என்று ஏன் நீங்கள் வைத்திருந்தீர்கள் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. நீங்களும் அதைச் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். வாத்தியார் அல்லவா.

மறுநாள் காலை பனி இறங்கியிருந்தது. கரும்புத் தோகை வாய்க்காலின் மேல் இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்தது. மாணிக்கம் நிற்கும் கோடி நமக்குத் தெரியவில்லை. அவருக்கும் நாம் தெரிந்திருக்க மாட்டோம். எழுபது தப்படி தூரம். முழு இறகு வைத்த அம்பு நாற்பதில் தலை கவிழும். தகரம் அடிக்க ஆரம்பித்தோம். உள்ளே சலசலப்பு, பிறகு உறுமல், பிறகு சேற்றில் குளம்புச் சத்தம் நம்மைவிட்டு விலகி ஓடியது. நீங்கள் ஏதோ கிண்டல் சொன்னீர்கள், அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், ஒரு தகரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அது என்னுடையது.

அம்பு உங்கள் தொடையின் மேல்பக்கம், இடுப்பை ஒட்டி. நீங்களே பிடுங்கிவிட்டீர்கள். துண்டால் இறுக்கிக் கட்டி, மாணிக்கத்தின் வண்டியில் பின்னால் படுக்க வைத்தோம். அவர் ஓட்டினார், அழுதுகொண்டே. உங்கள் தலை என் மடியில். அந்த அம்பைக் கையைவிட்டு விடவில்லை நீங்கள். இறகை விரலால் தடவிப் பார்த்தீர்கள்.

"யாரு வெட்னது?"

"நான்தான் பாவா."

"ம். நேரா வெட்டியிருக்க."

வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டீர்கள். பிறகு சொன்னீர்கள், "அம்பு கட்டறப்போ பன்னிய மட்டும் பார்க்கக் கூடாது வாத்தியாரே. பன்னிக்கு அந்தாண்ட யாரு நிக்கிறான்னு பார்க்கணும்."

ஆஸ்பத்திரி வாசலில் என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். "தறி நாடா பறந்து குத்திச்சு. யாரு கேட்டாலும் அதான். உனக்கு வேல இன்னும் ரெண்டு வருசம் கீது. பன்னி வேட்டன்னு வெளிய தெரிஞ்சா பென்சன் பூடும்."

இரண்டு முனையிலும் இரும்புக் கூர் வைத்துத் தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடா, சில நேரம் தப்பிப் பறந்து ஆளைக் குத்தும். நெசவுக்காரர் ஊர்களுக்கு நடுவே இருக்கும் ஆஸ்பத்திரியில் அந்தக் காயம் புதிதில்லை. டாக்டர் மறு கேள்வி கேட்கவில்லை. கழுவித் தையல் போட்டு அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் அந்த அம்பை என் வீட்டுக் குழாயடியில் கழுவினேன். முனையின் ஒரு மூலை இல்லை. அரிசி அளவுக்கு உடைந்திருந்தது. அது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் வந்தால் நீங்கள் நொண்டிக்கொண்டே நடந்து, "நாடா கூட என்ன லவ் பண்ணுது பாரு" என்று பக்கத்து வீட்டாரிடம் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். சரியாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். நான்காம் நாள் காய்ச்சல். ஆறாம் நாள் பெரிய ஆஸ்பத்திரி. உங்களுக்கு அதற்குள் நினைவு தடுமாறிவிட்டது. அங்கே இருந்த டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார், "தறி நாடாதானே? வேற ஒண்ணும் இல்லையே?"

முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவன். அந்த ஒரு கேள்விக்குச் சரியான விடை அங்கே எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. "நாடாதான்" என்றேன்.

ஒன்பதாம் நாள் நீங்கள் இல்லை.

அக்கா அந்தத் தறியை எடைக்குப் போட்டார். ஆளைக் கொன்ற தறி வீட்டில் இருக்கக் கூடாது என்றார். இரண்டாவது தறியும் பிறகு ஓடவில்லை. மாணிக்கம் மீதி ஐந்து அம்புகளை உங்கள் வீட்டிலேயே திருப்பிப் போட்டுவிட்டுப் போனார். வண்டியில் ஏற்ற ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன் பாவா. குற்றம் செய்யாத இரும்பு அது, அவ்வளவு கனம் கனத்தது.

இந்தப் புதன்கிழமை கண்டிகைக்குப் போனேன். மாணிக்கம் போன வருடம் இறந்துவிட்டார். சொல்ல வேண்டியதை அவரும் சொல்லாமலே போனார். கன்னியப்பன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க சார்! டீ சொல்லட்டா? சர்க்கர இல்லாமதானே?"

வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். பன்னிரண்டு அம்பு, சுவரில் சாய்த்து வரிசையாக. இறகெல்லாம் குட்டையாக, நேராக. என் கத்தரிப்பை என்னைவிட நன்றாகச் செய்திருந்தான்.

"இன்னா கட்டிங்கு பாத்தீங்களா சார்! எங்கப்பா வெச்சிருந்ததெல்லாம் அடைகாக்கற கோழி மாதிரி இருக்கும். இது பருந்து. சும்மா போய்கினே கீது."

உட்கார வைத்துச் சொன்னேன். இறகுப்பந்திலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல். முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அவரு நாடா குத்தி செத்தாருன்னு ஊருக்கே தெரியும் சார்."

"ஊருக்கு நாங்க அப்படிச் சொன்னோம்டா."

"அப்போ எங்கப்பா கொன்னுட்டாருன்றீங்க. செத்தவரு எழுந்து வந்து பதில் சொல்வாரா? நீங்களாச்சும் பெரியவரு, இப்படிப் பேசலாமா?"

"உங்கப்பா மேல தப்பு இல்ல. தப்பு இறகு மேல. என் மேல."

"சார், கடலையில பாதி போச்சு. மீதிய காப்பாத்த நீங்க வந்து படுத்துக்குவீங்களா? நான் ஞாயித்துக்கெழம ஓட்டதான் போறேன். இந்த அம்பாலதான் விடப் போறேன்."

எழுந்து வாசலுக்கு வந்தபின் திரும்பி நின்று கேட்டேன், "தகரம் அடிக்கப் போறது யாரு?"

"தாமுதான். அவன் மாமா எடமாச்சே."

பாவா, பொய் இத்தனை வருடம் நின்றால் அது வேர் விட்டுவிடுகிறது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் காத்த பொய், இப்போது உங்கள் மருமகனை அந்த வாய்க்கால் கோடியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. போலீசுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் அவனையும் சேர்த்துத்தான் பிடிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை அம்மையார்குப்பம் போனேன். ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்த அந்த அம்புமுனையை எடுத்து அக்காவின் கையில் வைத்தேன். தாமோதரனும் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அக்கா அழவில்லை. உடைந்த மூலையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தத் தறிய நான் செருப்பால அடிச்சேன் வாத்தியாரே" என்றார்.

"தெரியும்க்கா."

"வண்டியில ஏத்தறப்போ நீதானே இந்தப் பக்கம் புடிச்ச?"

"ஆமாங்க்கா."

தாமோதரன்தான் குறுக்கே பேசினான். "அத்த, நான் வரேன்னு சொல்லிட்டேன். இப்போ வரலன்னா பயந்துட்டான்னு கண்டிகை முழுக்கச் சிரிப்பானுங்க."

அக்கா எழுந்தார். உள்ளே போனார். ஏதோ கொட்டும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் ஒரு தகர டின். இத்தனை நாள் அடுப்புக்கரி போட்டு வைத்திருந்தாராம். அடியில் இன்னும் கரித்தூள் இருந்தது. ஒரு பக்கம் குழிந்திருந்தது. நீங்கள் எப்போதும் ஒரே இடத்தில்தான் அடிப்பீர்கள்.

"தாமு போவ மாட்டான்" என்றார். "ஆனா அந்தப் பையன் வேட்டைய நிறுத்த மாட்டான். யாரையாவது இட்டாந்து அந்தாண்ட நிக்க வெப்பான், அது எவ பெத்த புள்ளையோ." டின்னை என் மடியில் வைத்தார். "நீ போய் நில்லு."

அவ்வளவுதான் சொன்னார். அந்த முனையைத் திருப்பித் தந்துவிட்டார். டீ தரவில்லை. பஸ் ஏற்றிவிட தாமோதரன் வந்தான்.

இன்று சனிக்கிழமை. எதிர்வீட்டில் கேட்டு அந்த நாட்டுக்கோழியை வாட்டுமுன் பிடுங்கிப் போட்ட இறகுகளில் நல்லதாகப் பன்னிரண்டு வாங்கிவந்தேன். நான்கு மஞ்சள் நூல் அம்புகளிலும் நான் கத்தரித்ததைப் பிடுங்கிவிட்டு, முழு இறகு ஒட்டினேன். உங்கள் கை போல் வரவில்லை. சுடவும் இல்லை, கத்தரிக்கவும் இல்லை. மஞ்சள் நூலை அப்படியே திரும்பச் சுற்றினேன். இதை எழுதும்போது மலைமேல் கோயில் விளக்குகள் போட்டுவிட்டார்கள். டின் காலடியில் இருக்கிறது. ஜாமெட்ரி பாக்ஸ் சட்டைப் பையில்.

கன்னியப்பனுக்குப் போன் செய்து, தகரம் அடிக்க நான் வருகிறேன் என்றேன். "உங்க இஷ்டம் சார்" என்று வைத்துவிட்டான். காலையில் முதல் பஸ். இந்த நான்கு அம்புகளை அவன் கையில் கொடுப்பேன். பக்கத்திலேயே அவனுடைய பன்னிரண்டும் இருக்கும். பன்றி சேற்றில் இறங்கி ஓடிவரும் நேரத்தில் எதை எடுத்து நாணில் வைப்பான் என்பது அவன் கையில். பன்றிக்கு அந்தாண்ட யார் நிற்கிறான் என்பது அவனுக்கு இப்போது தெரியும். மாணிக்கத்துக்கும் தெரிந்துதான் இருந்தது.

பனி இறங்கும் என்று இன்று மாலையே காற்று சொல்கிறது. நாளை அந்த வாய்க்கால் கோடியில் ஒரு தகரத்தின் சத்தம் மட்டும் கேட்கும். அது உங்களுடையது.